தேரை நிறுத்திய மகளுக்கு

மகள்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியமில்லை. நேற்றுப் பின்னேரம்தான் வந்து, அம்மா அவித்த பிட்டைச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாய். என் சுகத்தையும் நீயே பார்த்துவிட்டாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. அதுவும் லேசுப்பட்ட பொறாமை இல்லை. கோயிலில் யாராவது உன்னைப் புகழ்ந்தால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன். உள்ளே வயிறு பற்றி எரியும். ஒரு தகப்பன் சொல்லக் கூடாத வார்த்தை இது என்று நீ நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் கோயில் வாட்சப் குழுவில், எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போடுகிறேன். நாளைப் பொதுக்கூட்டத்தில் உன்னைத் தலைவர் பதவியில் வைத்திருப்பதா இறக்குவதா என்று கை உயர்த்தப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். உன்னை இறக்கினால் அந்தக் கதிரையில் யாரை இருத்துவது என்பதும் அவர்களில் சிலருக்குத் தெரியும். என்னைத்தான். நேற்று நீ என் முன்னால் இருந்து பிட்டுச் சாப்பிட்டபோது உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அன்று தேருக்கு வராதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்க் கவுன்சில் எங்களுக்காகத் தெருக்களை மூடித் தந்திருந்தது. முன்னால் பொலிஸ், அதற்குப் பின்னால் நாதஸ்வரம், காவடி, கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள், தள்ளுவண்டிகளில் குழந்தைகள், அவர்களுக்குப் பின்னால் தேர். கோயிலுக்குத் திரும்பும் கடைசித் தெருவில் தேர் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. அந்தத் தெரு இறக்கம். சமதரையில் முன்வடம் தேரை இழுக்கும்; இறக்கத்தில் அதற்கு வேலை இல்லை. பிறேக் இருந்தாலும், தேரின் பின்னால் கட்டிய வடத்தைப் பிடித்து, தேர் தன்பாட்டில் ஓடிவிடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வருகிறவர்களை நம்பித்தான் அது இறங்கும். பல வருடங்களாக என் இடம் அந்தப் பின்வடத்தில். முன்னால் மைக்கோடு நின்று எல்லாரையும் நடத்துவது தலைவர். இந்த வருடம் அது நீ.

தேர் இறக்கத்தில் தலையை நீட்டியதுதான் தாமதம், உன் குரல் கேட்டது. "நிப்பாட்டுங்கோ! சில்லுக்குக் கட்டை போடுங்கோ!" சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. என்ன ஏது என்று எல்லாரும் எட்டிப் பார்க்க, நீ மைக்கில் சொன்னாய்: "எனக்குப் பயமாக் கிடக்கு. இந்த மழைக்குள்ள இந்த இறக்கத்தில தேரை விட எனக்கு ஏலாது. மழை விடுமட்டும் சுவாமி இஞ்சைதான் நிக்கும்."

கூட்டத்துக்குள் இருந்து ஒருவர் கத்தினார்: "சுவாமியை நடுத்தெருவில நிப்பாட்டக் கூடாது, பிள்ளை!" இன்னொருவர், "பிறேக் இருக்குத்தானே, விடுங்கோ!" என்றார். "பிறேக்கும் இருக்கு, முன்னால சனமும் இருக்கு. நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நீ அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். ஓதுவாரைக் கூப்பிட்டுத் தேவாரம் படிக்கச் சொன்னாய். தள்ளுவண்டிகளை நடைபாதைக்கு ஏற்றுவித்தாய். தெருவை மூடித் தந்த நேரம் முடியப்போகிறது என்று பொலிஸ்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்ட, அவரை உன் குடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு என்னவோ கதைத்தாய், அவர் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார், நேரம் கிடைத்தது. மழை விட்டபின் முன்வடத்தில் நின்ற வாட்டசாட்டமானவர்களைப் பின்வடத்துக்கு அனுப்பி, எல்லாரும் கையைத் துடைத்துக்கொள்ளத் துவாய் கொடுத்து, பிறகுதான் கட்டையை எடுக்கச் சொன்னாய். தேர் பசுமாடு மாதிரிச் சாதுவாக இறங்கி வந்து கோயில் வாசலில் நின்றது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

அதுதான் உன்மேல் குற்றமாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லையே, பிறகு எதற்கு நிறுத்தினாய் என்று கேட்கிறார்கள். நீ விட்டிருந்து ஏதாவது நடந்திருந்தால் அதற்கும் உன்னைத்தான் கேட்டிருப்பார்கள். தலைமை என்ற கதிரைக்கு இந்தக் கேடு எப்போதும் உண்டு: நடக்காமல் தடுத்ததை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது. ஆனால் உண்மையில் அவர்களைக் கடித்தது தேர் நின்றதுகூட இல்லை. நீ பயம் என்று சொன்னது. மூன்று நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்த சிவலிங்கம் அண்ணை, நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாரே, அவர் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். "தலைவரே மைக்கில பயம் எண்டு சொன்னா சனம் என்ன நினைக்கும்? மருந்துக்கடையில இருக்கிற பிள்ளை, கெட்டிக்காரிதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தேர் நடத்த நெஞ்சில உரம் வேணும். உங்களை மாதிரி ஒரு ஆள் வேணும்."

உங்களை மாதிரி ஒரு ஆள். எவ்வளவு காலமாக அதைக் கேட்கக் காத்திருந்தேன் தெரியுமா?

நீ படிப்புக்காக வெளியூரில் இருந்த காலத்தில் நடந்த ஒன்றை உனக்கு நான் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லியிருக்க மாட்டா, பாவம் பார்த்து. ஒரு பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொன்னார்கள். நானும் நம்முடைய வழக்கப்படி, "ஐயோ, எனக்கு உதெல்லாம் வேண்டாம். வேற ஆரையும் பாருங்கோ" என்றேன். நம் ஆட்கள் மத்தியில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் தடவை வேண்டாம் என்போம். இன்னொரு தடவை கேட்பார்கள், அப்போதும் வேண்டாம் என்போம். மூன்றாம் முறை நாலு பேர் கையைப் பிடித்து இழுக்க, சரி, எல்லாரும் சொல்லுறபடியால் என்று எழும்புவோம். ஆனால் அன்று கூட்டத்தை நடத்தியது இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கணக்காளர். "ஐயாவுக்கு வேண்டாமாம். அடுத்த பெயர்?" என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். வேறு ஒருவர் தலைவரானார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அம்மாவோடு சரியாகக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு என் பெயரை யாரும் சொல்லவும் இல்லை, விருப்பமில்லாத மனுஷன் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு நீ படிப்பு முடித்து வந்தாய். உன் பெயரை யாரும் சொல்லும்வரை நீ காத்திருக்கவில்லை. எழும்பி நின்று, "நான் நிக்கிறன், எனக்கு விருப்பம்" என்றாய். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. என் முகம் சிவந்துவிட்டது, நீ ஏதோ உடுப்பில்லாமல் வந்து நின்ற மாதிரி. அந்த முறை தோற்றாய். நானாக இருந்திருந்தால் அடுத்த திருவிழா வரைக்கும் கோயில் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டேன். நீ அன்றைக்கே அன்னதானத்தில் கரண்டியை எடுத்து, உனக்குக் கை உயர்த்தாதவர்களின் இலையிலும் சாம்பாரை ஊற்றிக்கொண்டு நின்றாய். அடுத்த வருடம் திரும்பவும் எழும்பி அதே வார்த்தையைச் சொன்னாய், வென்றாய். அன்று எல்லாரும் எனக்குக் கை தந்தார்கள். அன்றிலிருந்து நான் தலைவரின் அப்பா. எனக்கென்று ஒரு பெயர் இருந்ததே ஆட்களுக்கு மறந்துபோய்விட்டது.

"பிள்ளை தலைவரானா உங்களுக்கு என்ன கொள்ளை போகுது? மூஞ்சையைக் கொண்டுபோய்க் கண்ணாடியில பாருங்கோ" என்று அம்மா பேசாத நாளில்லை. அவவுக்கு இது தெரிந்தே இருந்தது. உனக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கோயில் விஷயம் எதையும் நீ வீட்டில் எடுப்பதில்லை.

சின்ன வயதிலேயே உன்னிடம் இந்தக் குணம் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டி, உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. பாதியில் உனக்குப் பேச்சு மறந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் அந்த இடத்தில் அழுதுகொண்டு இறங்குவார்கள். நீ சபையைப் பார்த்து, "மறந்துபோச்சு, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி ரீச்சரிடம் போய் அடுத்த வரியைக் கேட்டு, திரும்ப ஏறி மிச்சத்தைப் பேசி முடித்தாய். மண்டபமே கைதட்டியது. நான் காரில் உன்னை ஏசினேன். மறந்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது, வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்திருக்க வேண்டும் என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "மறந்தா மறந்தது எண்டுதானே அப்பா சொல்லோணும்?" என்றாய். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

நான் வாழ்நாள் முழுவதும் சமாளித்தவன். விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஓடும் பெல்ட்டிலிருந்து எடுத்து ஏற்றுகிற பகுதியில் நான் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுவதும் என் ஷிப்டில் என் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். சத்தம் போட்டால் பயம் வெளியே தெரியாது என்பது என் கண்டுபிடிப்பு. விமானம் பிந்திவிடுமோ, மனேஜர் கூப்பிடுவாரோ, ஆட்கள் சொல் கேட்க மாட்டார்களோ என்ற பயம் எல்லாம் என் தொண்டையால் வெளியே போய்க்கொண்டிருந்தது. பிரான்சிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த குகன், நான் ஓய்வு பெற்ற அன்று தேநீர் குடிக்கும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னான்: "அண்ணை, நீங்கள் கத்தேக்க நாங்கள் ஒருத்தரும் பெல்ட்டைப் பாக்கிறேல்லை. உங்களைத்தான் பாக்கிறது." நானும் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் ஹவுன்ஸ்லோ வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பயந்த தலைவன் கத்தினால் எல்லாருடைய கண்ணும் அவன்மேல் போய்விடும். வேலை அநாதையாகக் கிடக்கும்.

தேரன்று எனக்கு அது நன்றாக விளங்கியது. நீ பயம் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். சொன்ன கையோடு எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தாய். பாடுகிறவர் பாடினார், குடை வைத்திருந்தவர்கள் குழந்தைகளுக்குப் பிடித்தார்கள், நாங்கள் கையைத் துடைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஒருவரும் உன்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். பொறாமைக்காரனை வைத்திருப்பதில் உனக்கு ஒரு இலாபம் இருக்கிறது, மகள். அவனைப் போல உன்னை உற்றுக் கவனிக்கிறவன் வேறு யாரும் இல்லை. எங்கேயாவது சறுக்க மாட்டாளா என்று உன் விரல்நுனி வரைக்கும் பார்த்தேன். பயம் என்று சொல்லும்போது மைக்கை இறுக்கிப் பிடித்து, மற்றக் கையாலும் அதைப் பற்றிக்கொண்டாய். குரல் நடுங்கவில்லை. உன்மேல் பிரியமானவர்கள் எல்லாம் உனக்குப் பயமே இல்லை என்று நாளைக்குச் சொல்வார்கள், நம்பாதே. உனக்குப் பயம் இருந்தது. பயந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்தாய். உனக்குத் தைரியம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. கைதட்டலில் தேடினால் ஒவ்வொரு வருடமும் அது கூடிக் குறையும், நீயும் அதோடு சேர்ந்து ஆடுவாய்.

பிழையையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நான் பொறாமைக்காரனே இல்லை. ஐயரிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேர்மேல் சுவாமியோடு நின்ற மனுஷனுக்கு, என்ன நடக்கிறதென்று மைக்கில் கேட்டுத்தான் தெரிந்தது. மேலே ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருந்தால் அவரே உனக்காகக் கதைத்திருப்பார். இன்றைக்கே போய் அவரைப் பார். நியாயம் உன் பக்கம் என்று வாதாடப் போகாதே, அவரைக் கேட்காமல் விட்டது பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு வா.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். நீ நிறுத்தச் சொல்வதற்குச் சற்று முன், தேரின் பாரம் பின்வடத்துக்கு வந்தபோது, அந்த நனைந்த வடம் என் கைக்குள்ளால் வழுக்கி ஓடியது. நான் இறுக்கினேன், நிற்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் காலை உதைத்து ஊன்றினார், அவருடைய காலும் தார் ரோட்டில் சறுக்கியது. நாங்கள் தேரைப் பிடித்திருக்கவில்லை, மகள். தேர்தான் எங்களை இழுத்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தது. நிப்பாட்டுங்கோ என்ற சொல் என் வாய்வரை வந்தது. கிழவனுக்குப் பெலன் போச்சு, இனி வடம் பிடிக்க ஏலாது என்று சொல்லிவிடுவார்களோ என்று விழுங்கிவிட்டேன். அந்தக் கணத்தில்தான் முன்னால் உன் குரல் கேட்டது. நான் விழுங்கிய சொல்லை நீ மைக்கில் சொன்னாய். உனக்கு வடம் வழுக்கியது தெரியாது. மழையையும் இறக்கத்தையும் சனத்தையும் பார்த்தாய், பயந்தாய், அந்தப் பயத்தை மதித்தாய். எனக்குக் கையிலேயே தெரிந்தும் வாய் திறக்கவில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்ததற்கு அம்மாவிடம் தோட்டத்து மண்வெட்டியைச் சாட்டினேன்.

சிவலிங்கம் அண்ணை வந்திருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போயிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஐயோ, எனக்கு வேண்டாம் அண்ணை" என்றேன். "அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றார். "வேற ஆரையும் பாருங்கோ" என்றேன். "நீங்கள்தான் வரவேணும்" என்று கையைப் பிடித்தார். கண்ணாடி போட்டுப் படித்த பிள்ளைகளுக்குத் தெரியாத முறையெல்லாம் அவருக்கு அச்சொட்டாகத் தெரியும். "சரி, எல்லாரும் சொல்லுறபடியால்" என்று என் வாய் சொன்னது. அப்போது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மகளைத் தள்ளிவிட்டு ஏறுகிற கதிரை என்பது அவர் போய், அம்மா கோப்பைகளை ஒரு சத்தத்தோடு எடுத்துக்கொண்டு போனபிறகுதான் உறைத்தது. நேற்று நீ வந்து, "அப்பா, கை என்னெண்டு உரிஞ்சது? வடம் பிடிச்சதிலயோ?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "மருந்து கொண்டுவந்து தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

சிவலிங்கம் அண்ணை, நீங்களும் இதை வாசிப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் தலைவராக வரமாட்டேன். திரும்பக் கேட்க வர வேண்டாம், வந்தால் தேநீர் மட்டும்தான். பின்வடத்தில் என்னோடு நின்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வடம் வழுக்கியது உங்களுக்கும் தெரியும். நாங்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம், பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. நாளைக்கு நான் கதைப்பேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் நல்லது, நிற்காவிட்டாலும் கதைப்பேன்.

மகள், உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பாதிக்கு மேல் என் கதையாகப் போய்விட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு அவர்கள் உன்னை இறக்கினாலும் சரி, அடுத்த வருடம் மழை வந்தால், முன்னால் நிற்பது யாராக இருந்தாலும் அவரிடம் போய் உனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல். மைக் உன் கையில் இல்லையென்று என்னைப் போல விழுங்காதே.

நாளைக் கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்குவேன். கை வழுக்கியதையும் வாய் திறக்காததையும் எல்லார் முன்னாலும் சொல்வேன். அதை நினைக்க இப்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. நீ மேடையில் இருப்பாய், நான் கீழே நிற்பேன், நான் கதைக்கக் கதைக்க எல்லாரும் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போதும் எனக்கு எரியத்தான் போகிறது, அது இந்த வயதில் இனி மாறும் என்று நான் நினைக்கவில்லை. எரியட்டும். நீ தலைவராக இருக்க வேண்டும் என்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்கும்போது, முதலில் உயர்கிற கை என்னுடையதாகத்தான் இருக்கும்.

பொறாமை பிடித்த உன்
அப்பா